கவிழ்த்து வைத்த வாளிக்கு அடியில்

2007இல் எனக்கு இன்டர்நெட் என்றால் அது சிவகாசிப் பஸ்தான். மதுரையில் வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு டி.டி.பி. வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நோட்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஆடி பிறந்துவிட்டால் காலண்டர். வேலை முடிந்ததும் ஃபைல்களை சி.டி.யில் எழுதி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூலால் கட்டி, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் சிவகாசி பஸ் கண்டக்டரிடம் இருபது ரூபாயோடு கொடுப்பேன். அந்தப் பக்கம் பஸ் நம்பரைக் கேட்டு வைத்துக்கொண்டு பிரஸ் பையன் நிற்பான். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஒரு நாள் வெட்டியாக உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சி.டி. 700 எம்.பி. அது இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது என்றால், சிவகாசிப் பஸ்ஸின் வேகம் விநாடிக்குச் சுமார் 780 கிலோபிட். அந்த வருஷம் எனக்குக் கிடைக்கக்கூடிய எந்த இணைப்பிலும் ஃபைலை அனுப்பும் வேகம் இதில் பாதிகூட இல்லை. தவிர, பஸ்ஸில் போட்டால் பிரஸ்காரர் போன் பண்ணி "வந்திருச்சு தம்பி" என்பார். மெயிலில் அனுப்பினால் ஒரு வாரம் கழித்து "என்ன, அனுப்பவே இல்ல?" என்பார்.

இருந்தாலும் வீட்டுக்கு நெட் வேண்டும் என்று ஆகிவிட்டது. திருத்தம் கேட்பவர்கள் மெயிலில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கமாவுக்காக பிரவுசிங் சென்டருக்கு நடக்க முடியாது. எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தவை இரண்டு: போன் கம்பி, டி.வி. கேபிள். எதில் நெட் வாங்குவது என்று முடிவு செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு பத்து வருஷம் அந்த முடிவை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைய நிலவரம் இப்படி. 2004இல் மத்திய அரசு போட்ட பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் லேண்ட்லைன் கம்பியிலேயே டி.எஸ்.எல். என்ற நெட் இணைப்பைக் கொடுக்க ஆரம்பித்தது. 2007 தொடக்கத்தில் அதே திட்டங்களின் வேகத்தை 2 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 2 மெகாபிட்) வரை உயர்த்தியது. எட்டு மடங்கு. ஊரெல்லாம் அதே பேச்சு. கேபிள்காரர் கொடுத்ததோ அதே பழைய 256 கிலோபிட். ஆனால் அளவு கிடையாது, மாதம் முழுவதும் எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டு எம்.பி.பி.எஸ்.ஸா, கால் எம்.பி.பி.எஸ்.ஸா? கேள்வியை இப்படிக் கேட்டால் பதில் ரொம்பச் சுலபம், ஆனால் தப்பு. அப்போது பலர் வாங்கிய ஹோம் 500 திட்டத்தில் மாத அளவு இரண்டரை ஜி.பி. முழு வேகத்தில் ஓடினால் அந்த மாதக் கணக்கு மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மிச்சம் 29 நாளும் சொச்சமும் ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு. கேபிளின் 256 கிலோபிட் என்பது விநாடிக்கு 32 கிலோபைட்தான் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் எட்டால் வகுக்க வேண்டும், இந்த எட்டை மறந்து ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர்). ஆனால் ராத்திரி பகலாக ஓடவிட்டால், அது ஒரு நாளில் இரண்டரை ஜி.பி.க்கு மேல் இறக்கிவிடும். வேகமான கம்பி ஒரு மாதத்துக்கு அளந்து கொடுப்பதை ஆமைக்கம்பி ஒரே நாளில் கொடுத்துவிடுகிறது.

டி.எஸ்.எல்.காரர்களுக்கு ஒரு விமோசனம் இருந்தது. ஹோம் 500இல் விடிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கே கிடையாது. அந்தக் காலத்தில் ஒன்றேமுக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்த ஒரு தலைமுறையே உண்டு. எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த இன்ஜினியரிங் பையன் மார்கழியில் எழுந்து கோலம் போடுகிறவர்களுக்குப் போட்டியாக விழித்திருப்பான். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் மோடத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போவான். அவன் செமஸ்டர் மார்க்கில் இந்தத் திட்டத்தின் பங்கு என்ன என்று யாரும் ஆராயவில்லை.

நான் புத்தகப் புழு. எதை வாங்குவதானாலும் முதலில் படிப்பேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கேபிளா, டி.எஸ்.எல்.லா என்று தேடினால் வந்ததெல்லாம் அமெரிக்கக் கட்டுரைகள். எல்லாம் ஒரே பாட்டைப் பாடின: கேபிள் வேகமானது, ஆனால் அக்கம்பக்கத்தாருடன் பங்கு போட வேண்டும், டி.எஸ்.எல். மெதுவானது, ஆனால் உங்களுக்கே உங்களுக்கான தனிக் கம்பி. எங்கள் தெருவிலோ கேபிள்தான் மெது, டி.எஸ்.எல்.தான் வேகம். இதில் எங்கோ இடிக்கிறது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அந்தக் கட்டுரைகள் சொன்னதில் உண்மை இருந்தது, பாதி உண்மை. போன் கம்பியில் நம் பேச்சு நான்கு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. செம்புக் கம்பியின் மேல்மாடி முழுக்கக் காலி. டி.எஸ்.எல். அங்கே குடியேறுகிறது: சுமார் 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை, பின்னால் வந்த ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் என்ற வேகமான வகை என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் போனும் நெட்டும் ஒரே கம்பியில் ஒன்றையொன்று முட்டாமல் போக முடிகிறது. சிக்கல் தூரம். உயர்ந்த அலைவரிசைகள் செம்பில் சீக்கிரம் தேய்ந்துபோகும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீட்டில் 24 எம்.பி.பி.எஸ். வரை வரக்கூடிய அதே தொழில்நுட்பம், நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஒன்றோ இரண்டோ கொடுத்து மூச்சு வாங்கும். மேலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பெரியாறு வாய்க்காலின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு, மதகில் திறந்த தண்ணீருக்கும் வயலுக்கு வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தனிக் கம்பி என்பதும் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும்தான். அங்கே நம் கம்பி டி.எஸ்.லாம் என்ற பெட்டியில் போய்ச் சேர்ந்த பிறகு ஊரார் கம்பியெல்லாம் ஒன்றாகத்தான் மேலே போகின்றன. அந்த மேல் பாதை குறுகலாக இருந்தால் டி.எஸ்.எல்.லும் சாயங்காலம் திணறும். பங்கு போடாத இன்டர்நெட் என்று ஒன்று கிடையாது. பங்கு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கையும் அப்போது படித்ததுதான். வீடுகளுக்கு வரும் டி.எஸ்.எல்., அதாவது ஏ.டி.எஸ்.எல்.லை, முதலில் யோசித்தது இன்டர்நெட்டுக்காக அல்ல. 1980களின் கடைசியில், அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியாளர், போன் கம்பியில் இரண்டு பக்கமும் சமமாக அனுப்புவதை விட்டு, வீட்டுக்கு வருவதை அதிகமாகவும் வீட்டிலிருந்து போவதைக் குறைவாகவும் வைத்தால் வேகத்தை ஏற்றலாம் என்றார். ஒரே கட்டில் நெருங்கிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள் ஒன்றின் பேச்சை ஒன்று ஒட்டுக்கேட்டுக் குழப்பும். ஒரு பக்கப் போக்குவரத்தைக் குறைத்தால் அந்தக் குழப்பமும் குறைகிறது. போன் கம்பெனிகள் இதில் பார்த்தது வீட்டுக்கு வீடு சினிமா காட்டும் வியாபாரத்தை. கேபிள் டி.வி.க்குப் போட்டியாக. அதே சமயம் கேபிள் டி.வி.காரர்கள் தங்கள் கம்பியில் போன் கம்பெனிக்காரர்களின் பிழைப்பைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் அடுத்தவன் கடையில் கண்.

பெயரில் 'ஏ' (அசிமெட்ரிக், சமமற்ற) என்ற எழுத்து வந்தது அந்தச் சமமின்மையால்தான். சிவகாசிக்கு ஃபைல் அனுப்புகிறவனுக்கு அந்த எழுத்துதான் வில்லன். எனக்குத் தரப்படவிருந்த டி.எஸ்.எல்.லில் வருவது 2 எம்.பி.பி.எஸ்., போவது 256 கிலோபிட். ஐந்நூறு எம்.பி. காலண்டர் ஃபைலை அனுப்ப நாலரை மணி நேரம், அதுவும் நடுவில் லைன் அறுந்துபோகாமல் இருந்தால். கேபிள்காரர் கொடுப்பது போகவும் 256, வரவும் 256. அனுப்புகிற விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். அப்புறம் எதற்கு அளவுக்கணக்கு வம்பு? கேபிளே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

கேபிள்காரர் வந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம், தெருவில் எல்லாரும் கேபிள் அண்ணன் என்போம். தோளில் ஒரு வயர்ச் சுருள். டி.வி.க்கு வரும் கறுப்புக் கேபிளை ஒரு மோடத்தில் சொருகுவார் என்று நான் படித்து வைத்திருந்தேன். அவர் சுருளைப் பிரித்தார். நீல நிறம். ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடுமே, அந்த நெட்வொர்க் வயர்.

"அண்ணே, கேபிள் நெட்டுன்னு சொன்னீங்களே?"

"இதுவும் கேபிள்தான தம்பி?"

மறுத்துப் பேச முடியவில்லை. அமெரிக்கக் கட்டுரைகளின் கேபிள் வேறு. அது டி.வி. போகும் கோஆக்ஸியல் கம்பி. அதில் நெட்டைக் கொண்டுபோவதற்கு டாக்சிஸ் என்று 1997இலேயே ஒரு பொது விதிமுறை வகுத்திருந்தார்கள். நம் ஊரிலும் சில பெரிய கம்பெனிகள், கேரளத்தில் ஏசியாநெட் போன்றவர்கள், அந்த முறையில் கொடுத்தார்கள். ஆனால் தமிழ்நாட்டுத் தெருக்களில் 'கேபிள் நெட்' என்று வந்தது பெரும்பாலும் கேபிள் டி.வி.காரர் கொடுக்கும் நெட், அவ்வளவுதான். கம்பி அல்ல, ஆள்தான் கேபிள். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மூன்று வாரம் எதை எதோடோ ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன நெட் திங்கள்கிழமை காலைவரை வரவில்லை. கேபிள் அண்ணன் போனை எடுத்தார், "பாக்குறேன் தம்பி" என்றார், பார்க்கவில்லை. கையில் ஒரு புத்தகத்தின் கடைசித் திருத்தம். பொறுக்க முடியாமல் மொட்டைமாடிக்கு ஏறி, நீல வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

எங்கள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டுத் தென்னையில் ஒரு சுற்று சுற்றி, அதற்கடுத்த வீட்டு மாடிக்குப் போனது. சொல்லிவிட்டு அங்கே ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டு, மேலே ஒரு செங்கல். வாளியைத் தூக்கினால், உள்ளே எட்டுத் துளையுள்ள ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் (நெட் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி), பச்சை விளக்குகள் சிமிட்டியபடி. மழைக்கும் வெயிலுக்கும் அந்த வாளிதான் கூரை. கரண்ட் அந்த வீட்டு மாடிப்படி பிளக்கிலிருந்து. பதிலுக்கு அந்த வீட்டுக்கு மாதக் கேபிள் காசு கிடையாது. நல்ல ஒப்பந்தம்.

நெட்வொர்க் வயர் 100 மீட்டருக்கு மேல் ஓடாது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நடுவில் இப்படி ஒரு ஸ்விட்ச் வேண்டும். என் வீட்டுக்கும் கேபிள் அண்ணனின் கண்ட்ரோல் ரூமுக்கும் நடுவில் ஏழு ஸ்விட்ச்கள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடி மாடியாகத் தாவி எண்ணினேன். ஒன்று வாளிக்கு அடியில், ஒன்று பிஸ்கட் டின்னில், ஒன்று வெறும் பாலிதீன் பையில். ஐந்தாவது, பின்தெரு டெய்லர் வீட்டில். அவர் குடும்பத்தோடு குலதெய்வம் கும்பிடப் போகும்போது பொறுப்பான மனிதராக மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் சாமி கும்பிட்டுத் திரும்பியதும் எங்கள் தெருவுக்கு நெட் திரும்பியது.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. கேபிளா, டி.எஸ்.எல்.லா என்பது கேள்வியே இல்லை. இந்தக் கம்பி என் வீட்டிலிருந்து எதெதன் வழியாகப் போகிறது, வழியில் யார் யார் வீட்டுப் பிளக்கில் சொருகியிருக்கிறது, கெட்டுப்போனால் யார் வருவார்? விளம்பரத்தில் இருக்கும் எண் இது எதையும் சொல்லாது.

கேபிள் அண்ணனைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரக்கடைசியை விட்டால், ராத்திரி பத்து மணிக்குக்கூட வருவார். ஐப்பசியில் இடி இடித்தால் ஒரே அடியில் நாலு ஸ்விட்ச் கருகும். மறுநாள் கையில் புது ஸ்விட்சோடு நனைந்துகொண்டே மாடி ஏறுவார். புகார் எண், டாக்கெட் நம்பர் ஒன்றும் கிடையாது. டீக்கடையில் நிற்கும்போது பிடித்துக்கொள்ளலாம். மாதக் காசு பத்து நாள் தாமதமானாலும் கேட்க மாட்டார். இந்த அம்சத்தை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் தெருவில் பாதிப்பேர் இதற்காகவே அவரிடம் இருந்தார்கள்.

அவரைவிட்டு என்னைப் பிரித்தது மின்வெட்டு.

2008இலிருந்தே கரண்ட் கட் அறிவிப்போடு வர ஆரம்பித்தது. 2012இல் உச்சம். சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருஷம் மறக்காது. மதுரையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. தொழில் நடக்க வேண்டுமே என்று 2009லேயே கடன் வாங்கி இன்வெர்ட்டர் போட்டிருந்தேன். கம்ப்யூட்டர் ஓடும், மின்விசிறி ஓடும். நெட் மட்டும் ஓடாது. ஏழு ஸ்விட்ச்களில் ஒன்றுக்கும் இன்வெர்ட்டர் கிடையாது. டெய்லர் வீட்டில் கரண்ட் இல்லையென்றால் எனக்கும் இல்லை.

எதிர்வீட்டு மாடிப் பையன் அதற்குள் வேலைக்குப் போய்விட்டிருந்தான். அந்த வீட்டில் டி.எஸ்.எல். மட்டும் அப்படியே இருந்தது. தெரு முழுக்க இருட்டாக இருக்கும்போது அவன் அப்பா ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு மெயில் பார்த்துக்கொண்டிருப்பார். எப்படி சார் என்று கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். யோசித்துவிட்டு, "கரண்ட் போனா போன் போகுதா?" என்று திருப்பிக் கேட்டார்.

அதானே! லேண்ட்லைனுக்கு நம் வீட்டுக் கரண்ட் என்றைக்கு வேண்டியிருந்தது? எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வருகிறது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள், பின்னால் ஜெனரேட்டர். டி.எஸ்.லாம் பெட்டியும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து என் வீடு வரை நடுவில் இருப்பது வெறும் செம்பு. கரண்ட் தேவைப்படும் ஒரு சாமான்கூட வழியில் இல்லை. என் பக்கத்து மோடத்துக்கு மட்டும் நான் கரண்ட் கொடுத்தால் போதும். நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை ஒன்று, 2012இல் என் பிழைப்பைக் காப்பாற்றியது.

டி.எஸ்.எல். வாங்கினேன். அதற்குள் மாத அளவும் முன்போல இறுக்கமாக இல்லை. கேபிளையும் உடனே விடவில்லை, மூன்று மாதம் இரண்டுக்கும் காசு கட்டினேன்.

புது இணைப்பில் ஒரு பேய் இருந்தது. யாராவது போன் பண்ணினால் நெட் அறுந்துவிடும். மணி அடிக்கும், மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும், இரண்டு நிமிடம் கழித்துத்தான் நிலைக்கும். நான் மனதுக்குள் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன். லைன்மேன் வந்தார். வயதானவர், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். மோடத்தைத் தொடவே இல்லை. நேராக அடுப்படிக்குப் போனார்.

"இங்க ஒரு போன் இருக்கே, இது எங்கருந்து வருது?"

அப்பா இருந்த காலத்தில் அம்மாவுக்காக வாசல் பெட்டியிலிருந்தே நேராக இழுத்துக் கொடுத்த எக்ஸ்டென்ஷன் அது. நெட்டையும் பேச்சையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரை நான் முன்னறையில் மாட்டியிருந்தேன். அடுப்படிப் போனுக்கு அந்த ஸ்பிளிட்டரே இல்லை. மணி அடிக்கும்போது அந்தப் போன் எழுப்பும் இரைச்சல் எல்லாம் மேல்மாடியில் குடியிருக்கும் நெட்டின் தலையில் விழுகிறது. அவர் அந்த வயரை அவிழ்த்து ஸ்பிளிட்டருக்குப் பின்னால் மாட்டினார். ஐந்து நிமிடம். பேய் போய்விட்டது. நான் திட்டிய திட்டெல்லாம் என் வீட்டு அடுப்படிக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

போகும் முன் மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். 192.168.1.1 என்று அடித்தால் வருமே, அது. அதில் 'அட்டெனுவேஷன்' (வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்ற கணக்கு) என்ற இடத்தில் 46 என்று இருந்தது. "கிலோமீட்டருக்குப் பதினாலு வச்சுக்கங்க. உங்களுக்கு மூணேகால் கிலோமீட்டர் ஆகுது" என்றார். எக்ஸ்சேஞ்ச் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போனால் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. கேட்டேன். கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார்: எக்ஸ்சேஞ்சிலிருந்து கேபிள் முதலில் மெயின் ரோட்டோடு போகிறது, ரயில்வே கேட் பக்கம் ஒரு பில்லர் பெட்டி, அங்கிருந்து சுற்றி வந்து எங்கள் தெருமுனை டி.பி. பெட்டி. கம்பி காக்காய் பறக்கிற வழியில் வருவதில்லை. அந்தந்தக் காலத்தில் எந்த ரோடு இருந்ததோ அதன் ஓரமாகப் புதைத்தது. எங்கள் பேட்டை 1980களில் வளர்ந்த வரலாறு அந்த 46இல் இருக்கிறது.

கீழே இன்னொரு எண்ணையும் காட்டினார். இரைச்சலை மீறி லைன் நிற்பதற்குத் தேவையானதைவிடச் சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதற்கான கணக்கு. "இது ஆறுக்குக் கீழ போச்சுன்னா கூப்பிடுங்க. அதுக்கு மேல இருந்தா லைன் நல்லாருக்கு, உங்க கம்ப்யூட்டரப் பாருங்க" என்றார். மழைக்காலத்தில் அந்த எண் இறங்கும், எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் போயிருக்கும். வெயில் அடித்தால் ஏறும். நான் பல வருஷம் காலையில் தினத்தந்திக்கு முன்னால் அந்த எண்ணைத்தான் பார்த்தேன்.

இந்த எண்ணெல்லாம் ஒருமுறை அமெரிக்காவரை உதவியது. 2019இல் அக்கா மகள் ஓஹாயோவில் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனாள். "மாமா, இங்க ரெண்டுதான் இருக்கு. கேபிள், டி.எஸ்.எல். எது வாங்க?" பன்னிரண்டு வருஷம் கழித்து அதே கேள்வி, வேறு வாயிலிருந்து. இந்த முறை கேட்பவள் அந்த அமெரிக்கக் கட்டுரைகள் பிறந்த ஊரிலேயே இருக்கிறாள். அங்கே கேபிள் என்றால் கறுப்புக் கோஆக்ஸியல் கேபிளேதான். நீல வயர் விளையாட்டு கிடையாது.

டி.எஸ்.எல். விளம்பரம் '6 எம்.பி.பி.எஸ். வரை' என்றது. கேபிள் '100 வரை' என்றது. இரண்டிலும் அந்த 'வரை'தான் முக்கியமான சொல் என்றேன். டி.எஸ்.எல்.லின் 'வரை' தூரத்தைப் பொறுத்தது, கேபிளின் 'வரை' பக்கத்து வீட்டுக்காரர்களைப் பொறுத்தது. தூரம் மாறாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மாறுவார்கள். ஆனால் ஆறுக்கும் நூறுக்கும் நடுவில் அந்தத் தத்துவத்துக்கெல்லாம் இடமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாதியைத் தின்றாலும் ஐம்பது மிஞ்சும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2015லேயே, வருவது 25, போவது 3 இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று சொல்லிவிட்டது. அந்த ஆறு எம்.பி.பி.எஸ். அவர்கள் கணக்கில் பிராட்பேண்டே அல்ல. (நம் ஊர்க் கணக்கில் அப்போதும் 512 கிலோபிட் போதும், 2023இல்தான் 2 எம்.பி.பி.எஸ். ஆனது.)

கேபிளே வாங்கு, ஆனால் போகும் வேகம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்கு என்றேன். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், நாள் முழுக்க வீடியோவில் பேசுகிறவள். டி.வி.க்காகப் போட்ட கம்பியில் எல்லாம் வீட்டை நோக்கியே வந்தது. வீட்டிலிருந்து போவதற்கென்று அடியில் ஐந்து மெகாஹெர்ட்ஸிலிருந்து 42 வரை ஒரு குறுகலான சந்து ஒதுக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். தெரு முழுக்க அந்தச் சந்தில்தான் நுழைந்து போக வேண்டும். அவள் விசாரித்தாள். நூறு வருகிறது, போவது ஐந்து. "மாமா, உங்க சிவகாசி பஸ் இங்க வராதா?" என்றாள். அடுத்த வருஷம் அக்டோபரில் ஏ.டி. அண்டு டி. என்ற போன் கம்பெனி புதிதாக யாருக்கும் டி.எஸ்.எல். கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. அந்தக் கேள்வி அங்கே பல ஊர்களில் அத்தோடு முடிந்தது.

எங்கள் தெருவில் அது முடிந்த விதம் வேறு. அதே 2019இல் ஒரு நாள் கேபிள் அண்ணன் வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது, தோளில் மறுபடியும் ஒரு சுருள். இந்த முறை மெல்லிய கறுப்பு வயர், உள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி. ஃபைபர். அவர் இப்போது சொந்தமாக நெட் விற்பதில்லை; ஒரு பெரிய கம்பெனிக்கு எங்கள் பகுதியில் கம்பி இழுத்துக் கொடுத்துப் பங்கு வாங்குகிறார். லேண்ட்லைன் கம்பெனிகளின் ஃபைபரும் பல தெருக்களில் இப்படிக் கேபிள்காரர்கள் கையால்தான் வீட்டுக்குள் வருகிறது. நான் பன்னிரண்டு வருஷம் இவரா, அவர்களா என்று மாறி மாறித் தேர்ந்தெடுத்ததெல்லாம் கடைசியில் ஒரே ஏணியில் ஏறி வந்து நின்றது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "நடுவுல எத்தன ஸ்விட்ச்ண்ணே?"

சிரித்தார். "ஒண்ணுகூட இல்ல தம்பி. நடுவுல இருக்குறது ஸ்பிளிட்டர்தான். அதுக்குக் கரண்டே வேணாம், வெறும் கண்ணாடி." தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்தே காட்டினார். நிஜம்தான். ஒளி வருகிறது, எட்டாகப் பிரிகிறது, போகிறது. டெய்லர் நிம்மதியாகக் குலதெய்வம் கும்பிடப் போகலாம்.

ஒட்டுமெஷினை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கண்ணாடி இழைகளை இணைத்து முடித்தபின், மாடியில் கிடக்கும் பழைய நீல வயரைக் கழற்றிக்கொண்டு போகவா என்று கேட்டார். அம்மா உள்ளே இருந்தே வேண்டாம் என்றுவிட்டாள். அதில் அவள் ஐந்து வருஷமாகப் புடவை உலர்த்துகிறாள்.